சிலைகளாய் நின்ற நாள்கள்

அயல்நாடு சென்று திரும்பியவரிடம் நம் ஊரார் கேட்கும் முதற்கேள்வி, "எவ்வளவு சேர்த்தீர்கள்?" என்பதே. கணவன் மனைவி இருவருமாக ஜப்பான் நாட்டில் மூன்றாண்டுகள் ஆங்கிலம் கற்பித்துவிட்டு, 2018ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் நாங்கள் திருவிடைமருதூருக்குத் திரும்பிய அன்று மாலையே, அக்கேள்வி எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்துகொண்டது. சிரித்து மழுப்பினோம். சேர்த்து வந்தது சிறிதளவே. ஆனால் நெடுநாளாகத் தீர்க்காத கடன் ஒன்றை அங்கேதான் உணர்ந்தோம். அக்கடனைப் பற்றி இக்குடும்ப இதழின் அன்பர்களிடம் மனம் திறப்பது நல்லது என்று எண்ணுகிறோம்.

இருவரில் யாருக்கு எது நேர்ந்தாலும், இரவு உணவின்போது அது இருவருக்கும் நேர்ந்ததாகிவிடும். ஆகையால் 'நாங்கள்' என்றே எழுதுகிறோம்.

ஒரு ரூபாய் அபராதம்

ஜப்பான் செல்லுமுன் நாங்கள் இருவரும் கும்பகோணம் வட்டாரத்தில் ஆங்கிலவழிப் பள்ளி ஒன்றில் பணியாற்றினோம். பள்ளி வளாகத்தினுள் ஆங்கிலம் தவிர வேறு மொழியில் பேசிய மாணவனுக்கு ஒவ்வொரு முறையும் 1 ரூபாய் அபராதம். வகுப்புத் தலைவன் பெயர்களைக் குறிப்பேட்டில் எழுதி வைப்பான். வெள்ளிக்கிழமைதோறும் நாங்கள் வசூலிப்போம். அதனைக் கண்டிப்பு என்று நாங்கள் கருதினோம். பெற்றோர் பலரும் அதனைப் பாராட்டவே செய்தனர்.

ஆறாம் வகுப்பில் திருபுவனத்துப் பட்டு நெசவாளர் வீட்டுச் சிறுவன் ஒருவன் இருந்தான். வீட்டில் அவன் பேசுவது சௌராஷ்டிர மொழி, தெருவில் தமிழ், பள்ளியிலோ ஆங்கிலம். பத்து வயது நாவுக்கு மூன்று மொழிகளின் சுமை. பாடநூலை உரக்க வாசிக்கச் சொன்னால், 'புக்கு' என்பான், 'கப்பு' என்பான். வகுப்பே நகைக்கும். அந்நகைப்பை அடக்க வேண்டிய நாங்களும் சேர்ந்து நகைத்தோம். ஒருமுறை அவனை நிற்கவைத்து, அந்த ஒரு சொல்லையே பத்து முறை சொல்லச் செய்தோம். அரையாண்டுத் தேர்வுக்குப் பின் அவன் வாய் திறந்து எதையும் வாசித்ததில்லை. ஆண்டு முடிவில் மாற்றுச் சான்றிதழ் பெற்றுச் சென்றான். அவனை நாங்கள் மறந்தும் போனோம்.

பனிநாட்டு நெல்வயல்கள்

ஆங்கிலத்தைக் காதால் கேட்டுப் பழகும் வாய்ப்பை மாணவருக்கு அளிக்க வேண்டுமென்று, ஜப்பான் அரசு 1987ஆம் ஆண்டு நான்கு நாடுகளிலிருந்து 848 இளைஞரை வரவழைத்து ஒரு திட்டத்தைத் தொடங்கிற்று. பின்னர், தனியார் நிறுவனங்களும் துணை ஆசிரியர்களைத் திரட்டி நகராட்சிப் பள்ளிகளுக்கு அனுப்பத் தொடங்கின. 2011ஆம் ஆண்டு முதல் தொடக்கப் பள்ளியின் ஐந்தாம், ஆறாம் வகுப்புகளில் வாரம் ஒரு முறை அயல்மொழிப் பயிற்சி கட்டாயமாயிற்று. நாங்கள் திரும்பிய பின், 2020இல் அது முறையான பாடமாகவே உயர்த்தப்பட்டது. கன்னியர் நடத்திய ஆங்கிலவழிப் பள்ளிகளில் தொடக்கம் முதல் பயின்றவர்கள் நாங்கள். அக்கல்வியே எங்களுக்குத் தகுதியாயிற்று. தனியார் நிறுவனம் ஒன்றின் வழியே ஓராண்டு ஒப்பந்தத்தில், 2015 ஏப்ரலில், நீகாத்தா மாநிலத்தில் நாகவோக்கா நகரை அடுத்த ஓர் ஊருக்கு அனுப்பப்பட்டோம்.

நீகாத்தா நெல்விளையும் பூமி. ஜப்பானின் மிக நீண்ட ஆறாகிய ஷினானோ அங்கேதான் கடலை அடைகிறது. 367 கிலோமீட்டர் நீளமுள்ள அவ்வாறு நம் காவிரியில் பாதிகூட இல்லை. எனினும், தொடர்வண்டியின் சன்னல் வழியே கண்ணுக்கெட்டிய தூரம் வரப்புகளையும் வாய்க்கால்களையும் கண்டபோது, ஆடுதுறையைத் தாண்டிக் கொண்டிருக்கிறோமோ என்ற மயக்கம் எங்களுக்கு உண்டாயிற்று. மலைமுகட்டில் வெள்ளையாய்ப் பனி மட்டும் இல்லாதிருந்தால் அம்மயக்கம் தெளிந்தே இராது.

அங்குப் பள்ளியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. முதல் நாள், மாணவர் அனைவரும் கூடிய மண்டபத்தில் எங்களை மேடையேற்றி, ஜப்பானிய மொழியில் ஓரிரு சொற்கள் கூறுமாறு பணித்தனர். விமானத்திலேயே மனப்பாடம் செய்து வைத்திருந்த ஐந்து வாக்கியங்களில் இரண்டு வந்தன, மூன்றாவது வரவில்லை. நா உலர்ந்தது. ஆங்கிலத்தில் பேச்சுப் போட்டிகளுக்கு நடுவராய் அமர்ந்த நாங்கள், எதிரே அமர்ந்திருந்த குழந்தைகளின் முன் வாயடைத்து நின்றோம். ஒருவரும் நகைக்கவில்லை. முன்வரிசையிலிருந்து ஒரு பிஞ்சுக் குரல், "கம்பாத்தே!" என்றது. 'முயன்று பாருங்கள், விடாதீர்கள்' என்பது அதன் பொருள். அடுத்த நொடியில் மண்டபமே அச்சொல்லைச் சொல்லிக் கைதட்டியது. மூன்றாம் வாக்கியம் வராமலே நாங்கள் வணங்கி இறங்கினோம்.

அன்றாடப் பணி

பள்ளி வாயிலில் தெருக் காலணியைக் கழற்றி, உள்ளே அணிவதற்கென்றே வைத்திருக்கும் காலணிக்கு மாற வேண்டும். காலையில் ஆசிரியர் அறையில் தலைமையாசிரியர் முன் அனைவரும் எழுந்து வணங்குவர். பிறகு அன்றைய அறிவிப்புகள். அவற்றில் எங்களுக்குப் புரிந்தது எங்கள் பெயர் மட்டுமே. வகுப்பு 45 நிமிடம். வகுப்பாசிரியர் பாடத்தை நடத்துவார். நாங்கள் அருகில் நின்று சொற்களை ஒலித்துக் காட்டுவோம், விளையாட்டு நடத்துவோம்.

நண்பகல் உணவைப் பள்ளியே தருகிறது. மாணவரில் சிலர் வெள்ளை மேலங்கியும் தொப்பியும் அணிந்து, சமையற்கூடத்திலிருந்து பாத்திரங்களைத் தாமே சுமந்து வந்து பரிமாறுகின்றனர். ஆசிரியரும் அவர்களுடன் அமர்ந்து அதே உணவையே உண்கிறார். உண்ணுமுன் அனைவரும் கைகூப்பி, 'பணிவோடு பெற்றுக்கொள்கிறேன்' என்னும் பொருள்பட "இத்தாதாக்கிமாஸ்" என்கின்றனர். கைகூப்பும் அந்நேரத்தில் நாங்கள் சிலுவை அடையாளமும் வரைந்துகொள்வோம். உணவுக்குப் பின், குழந்தைகள் துணியும் துடைப்பமும் ஏந்தித் தம் வகுப்பறையையும் நடைவழியையும் தாமே தூய்மை செய்வர். அதனை யாரும் இழிவாகக் கருதுவதில்லை. ஆசிரியரும் குனிந்து துடைக்கிறார்.

பள்ளிக்கு வெளியே நாங்கள் கைக்குழந்தைகளுக்கு ஒப்பாயிருந்தோம். அஞ்சல் நிலையத்துப் படிவம் புரியாது. மருந்துக் கடையில் காய்ச்சல் என்று சொல்லத் தெரியாது. வீட்டுக் குப்பையைக்கூட எங்களால் ஒழுங்காகக் கழிக்க முடியவில்லை. எரிக்கத்தக்கவை ஒருநாள், பிளாஸ்டிக் ஒருநாள், புட்டிகள் ஒருநாள் என்று அங்கு முறை உண்டு. முதல் வாரம் நாங்கள் வைத்த பை, எச்சரிக்கைச் சீட்டு ஒட்டப்பட்டு அப்படியே கிடந்தது. அண்டை வீட்டுப் பாட்டி அதைக் கண்டார். கடிந்துரைப்பார் என்று அஞ்சினோம். அவரோ மறுநாள், ஒரு நாட்காட்டித் தாளில் கிழமைதோறும் படம் வரைந்து கொண்டுவந்தார். ஒரு நாளுக்கு மீன்முள், ஒரு நாளுக்குப் புட்டி. ஒவ்வொரு படத்தையும் தொட்டு அதன் பெயரை மெல்லச் சொன்னார். நாங்கள் தவறாய்ச் சொன்னபோது தலையசைத்து மறுபடியும் சொன்னார். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் நாங்கள் இருவரும் பயின்றவர்கள்தாம். ஆனால் கற்பித்தல் எப்படியிருக்க வேண்டும் என்பதை அன்று அவர் வீட்டு வாசற்படியில்தான் கண்டோம்.

'புக்கு'

மே மாதத்தில் ஒரு நாள். ஆறாம் வகுப்பில் ஒரு நூலைத் தூக்கிக் காட்டி, "இது என்ன?" என்று ஆங்கிலத்தில் வினவினோம். முப்பது குரல்கள் ஒன்றாய் ஒலித்தன: "புக்கு!"

எங்கள் கையிலிருந்த நூல் சற்றே நடுங்கிற்று. அடுத்துக் கோப்பையைக் காட்டினோம். "கப்பு!"

திருபுவனத்துச் சிறுவனின் அதே 'புக்கு', அதே 'கப்பு'. ஜப்பானிய மொழியில் சொற்கள் பெரும்பாலும் உயிரொலியிலேயே முடிகின்றன. ஆகவே அயற்சொல்லின் இறுதியில் அவர்கள் நா ஓர் உகரத்தைச் சேர்த்துக்கொள்கிறது. தமிழிலும் வல்லின மெய் சொல்லின் இறுதியில் நில்லாது என்பது இலக்கண விதியன்றோ? அதனாற்றான் நம் நாவும் குற்றியலுகரத்தைத் துணை சேர்த்துக்கொள்கிறது. அச்சிறுவன் பிழை செய்யவில்லை. தன் ஊரின் மொழி கற்பித்த ஒழுங்கைக் காத்தான். அதற்காக அவனைப் பத்து முறை சொல்ல வைத்தோம். இங்கோ, கடல் கடந்த குழந்தைகள் அதையே சொன்னபோது, புன்னகையோடு, "நன்று, மறுபடியும் சொல்லுங்கள்" என்றோம். ஒப்பந்தமும் ஊதியமும் இருந்த இடத்தில் பொறுமை தானே வந்துவிட்டது. நம் ஊர்ப் பிள்ளைக்கு மட்டும் அது வராமற் போனதேன்? அன்றிரவு எங்களுக்குள் எழுந்த இக்கேள்விக்கு இருவரிடமும் விடையில்லை.

மாத இறுதியில், ஐந்தாம் வகுப்பு மாணவரை நடவு நடக் கழனிக்கு அழைத்துச் சென்றனர். அங்கு உழவர் இயந்திரத்தால் நட்டாலும், சோற்றின் அருமையைக் குழந்தைகள் அறிய வேண்டுமென்று ஒரு வயலைக் கைநடவுக்கு ஒதுக்குகின்றனர். சேற்றில் கால் வைக்கக் கூசிக் குழந்தைகள் கூவினர். நாங்கள் காலணியைக் கழற்றி வயலில் இறங்கினோம். இடக்கையில் நாற்றுமுடி, வலக்கையில் இரண்டு மூன்று நாற்று, பின்னோக்கி நகரும் கால்கள். இளமையில் காவிரிக் கரை வயலில் பழகியது மறக்கவில்லை. வகுப்பில் ஒருநாளும் வாய் திறவாத மாணவன் ஒருவன் எங்கள் கையையே பார்த்துக்கொண்டு அருகில் வந்தான். தயங்கித் தயங்கி, "டீச்சர், இந்தியா, ரைஸு?" என்றான்.

"யெஸ்! ரைஸு!" என்றோம், அவன் உச்சரிப்பிலேயே. சேற்றில் விரலால் ஆறு ஒன்றை வரைந்து, ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறக்கப்படும் வழக்கத்தையும், குறுவையையும் சம்பாவையும் எங்களுக்குத் தெரிந்த அரைகுறை ஜப்பானியத்தில் சொன்னோம். வினைச்சொல் தமிழைப் போலவே அங்கும் வாக்கியத்தின் இறுதியில்தான் வருகிறது. அதனால் சொற்கள் தப்பினாலும் வரிசை தப்பவில்லை. அவன் எங்கள் பிழைகளைத் திருத்தினான். நாங்கள் அவனுடையதைத் திருத்தினோம். அன்று முதல் அவன் வகுப்பில் பேசினான்.

புனிதரின் கடிதம்

அக்கோடை விடுமுறையில் நாகசாகிக்குத் திருப்பயணம் சென்றோம். 1614இல் ஜப்பான் முழுவதும் கிறிஸ்தவம் தடை செய்யப்பட்டது. குருக்கள் கொல்லப்பட்டனர், அல்லது துரத்தப்பட்டனர். 1865 மார்ச் 17 அன்று, பாரிஸ் வேதபோதக சபையைச் சேர்ந்த அருட்தந்தை பெத்திழான் ஔரா ஆலயத்தில் இருந்தபோது, உராக்காமி ஊர் மக்கள் சிலர் வந்து தாங்களும் அதே விசுவாசத்தினரே என்று மெல்ல வெளிப்படுத்தினர். இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் குருக்களின்றி அவர்கள் மறைவாய் விசுவாசத்தைக் காத்திருந்தனர்! அதே சபையின் ஆயர் பொத்தேரோ அவர்களே 1899இல் நம் கும்பகோணம் மறைமாவட்டத்தின் முதல் ஆயராய் அமைந்தார் என்பதை நினைத்தபோது, அவ்வாலயம் எங்களுக்கு அயலாய்த் தோன்றவில்லை.

அம்மக்கள் மறைவில் செபித்த செபங்களுக்கு 'ஒராஷோ' என்று பெயர். செபத்தைக் குறிக்கும் 'ஒராத்சியோ' என்னும் இலத்தீன் சொல்லே அவர்கள் நாவில் அவ்வாறாயிற்று. தலைமுறை தலைமுறையாய் வாய்மொழியாகவே வந்ததால், அச்செபங்களிலிருந்த இலத்தீன் சொற்களும் போர்த்துக்கீசியச் சொற்களும் உருமாறிப் போயின. உச்சரிப்புப் பிழைக்காக ஆண்டவர் அவர்களிடம் அபராதம் கேட்டிருப்பாரா? எங்கள் வெள்ளிக்கிழமை வசூல் அப்பொழுது எங்கள் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது.

அவ்வாண்டு டிசம்பர் 3, புனித சவேரியார் திருநாள். பனி முழங்காலளவு கிடந்தது. ஜப்பானில் கத்தோலிக்கர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. அச்சிற்றாலயத்தில் அன்று கூடியவருள் பிலிப்பைன் நாட்டவரும் வியட்நாமியருமே மிகுதி. சமாதான வாழ்த்தின்போது அங்குக் கைகுலுக்குவதில்லை. ஒருவரையொருவர் தலைதாழ்த்தி வணங்குகின்றனர். மறையுரையில் பங்குத்தந்தை ஒரு கடிதத்தைக் குறிப்பிட்டார். திருப்பலிக்குப் பின் எங்களுக்காக அதை ஆங்கிலத்திலும் விளக்கினார்.

சவேரியார் நம் முத்துக்குளித்துறையில் 1542 முதல் பணிபுரிந்தவர். செபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து தாமும் மனப்பாடம் செய்து, தெருவில் மணியடித்துச் சிறுவரைக் கூட்டிக் கற்பித்தவர். அவரே 1549 ஆகஸ்டு 15 அன்று ஜப்பானின் ககோஷிமாவில் இறங்கினார். தொடக்கத்தில், இறைவனைக் குறிக்க அவ்வூர்ப் புத்த சமயத்தவர் வழிபடும் ஒருவரின் பெயரையே அறியாது பயன்படுத்தி, பின்னர் தவறுணர்ந்து மாற்றிக்கொண்டார். அங்கிருந்து அவர் எழுதிய கடிதத்தில், தம்மைப் பற்றி மக்கள் ஏதேதோ பேசிக்கொள்ள, மொழி அறியாத தாமும் தோழரும் அவர்கள் நடுவே சிலைகள் போல் ஊமைகளாய் நிற்பதாகவும், சிறு குழந்தைகளைப் போல் மொழி பயில வேண்டியிருப்பதாகவும் குறிப்பிட்டுள்ளார்.

சிலைகள் போல்! ஏப்ரல் மாதத்து மேடை எங்கள் கண்முன் வந்தது. கூடவே, வகுப்பறையின் மூலையில் சிலையாய் நின்ற ஒரு சிறுவனும் வந்தான். நம் மறைமாவட்டத்து ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த வீரமாமுனிவரும், இத்தாலியிலிருந்து வந்து, தமிழ் கற்ற பிறகன்றோ 'தேம்பாவணி' பாடினார், 1732இல் 'சதுரகராதி' தொகுத்தார்? அத்தகையோர் வழியில் கல்வி பெற்ற நாங்களோ, சிறியவனுக்கு முன் சிறியவராகாமல் உயரத்தில் நின்றுகொண்டோம். அம்மாதம் பாவசங்கீர்த்தனத்தில் அதனைச் சொன்னோம். பரிகாரத்தைக் குருவானவர் எங்களுக்கு விதிக்க வேண்டிய தேவையே இல்லை. அது எங்களுக்கே தெரிந்திருந்தது.

பதினேழு ரூபாய்

ஊர் திரும்பிய இரண்டாம் வாரம் திருபுவனம் சென்றோம். தறி ஓசையைக் கேட்டுக் கேட்டு வீட்டைக் கண்டுபிடித்தோம். ஒன்பதாம் வகுப்பு முடித்து விடுமுறையில் தந்தைக்குத் துணையாயிருந்த பையன், எங்களைக் கண்டதும் எழுந்து சுவரோரம் ஒதுங்கினான். தந்தையோ, "வாங்க, வாங்க" என்று பாயை விரித்துவிட்டு மீண்டும் தறியில் அமர்ந்தார்.

"தம்பி, அன்றைக்கு உன்னை வகுப்பு முன்னால் நாங்கள் நகைத்தது தவறு. அதைச் சொல்லத்தான் வந்தோம்" என்றோம்.

அவன் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "பதினேழு ரூபாய், மிஸ்" என்றான்.

"என்ன, தம்பி?"

"அந்த வருஷம் நான் கட்டின ஃபைன். பென்சில் வாங்கணும்னு பொய் சொல்லித்தான் அப்பாகிட்டே வாங்குவேன்."

ஓடிக்கொண்டிருந்த நாடா நின்றது. தந்தை அதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்கிறார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. பொய்யைப் பாவம் என்று கற்பிக்கும் நாங்கள், ஒரு குழந்தைக்குப் பதினேழு முறை பொய் சொல்லக் கற்பித்திருக்கிறோம். பணத்தை எடுத்து நீட்டினோம். அவன் வாங்கவில்லை. "வேணாம், மிஸ். பத்தாவதுலே இங்கிலீஷ்தான் பயமாயிருக்கு" என்றான்.

அன்று தொடங்கி ஓராண்டு, வாரம் மூன்று மாலைகள் அவன் எங்கள் திண்ணைக்கு வந்தான். அவனுடைய தங்கையும் வந்தாள். ஒரு விதி வைத்துக்கொண்டோம்: அவர்கள் கற்கும் ஒவ்வோர் ஆங்கிலச் சொல்லுக்கும் ஈடாக, நாங்கள் அவர்கள் வீட்டு மொழியிலோ தறித் தொழிலிலோ ஒரு சொல் கற்க வேண்டும். பாவு எது, ஊடை எது, அச்சு எது என்று அறிந்தோம். சௌராஷ்டிரச் சொல் எங்கள் வாயில் கோணலாய் வந்தபோது, இருவரும் வயிறு குலுங்கச் சிரித்தனர். அவன் சிரித்து நாங்கள் கண்டது அதுவே முதல் முறை. அச்சிரிப்பே எங்கள் பரிகாரம். 2019இல் அவன் பத்தாம் வகுப்பில் தேறினான். ஆங்கிலத்தில் பெற்ற மதிப்பெண் பெரிதன்று. இன்றும் 'புக்கு' என்றுதான் சொல்கிறான். ஆனால் அஞ்சாமல் சொல்கிறான். தொடர்ந்து அடுத்த வாக்கியத்தையும் வாசிக்கிறான்.

இதனைப் படிக்கும் பெற்றோரே, ஆசிரியரே! ஆங்கிலம் நம் பிள்ளைகளுக்கு வேண்டியதே. அதனால் உண்டு வாழ்ந்த நாங்கள் அதனை மறுப்போமா? ஆனால் ஒரு மொழியைக் கொடுப்பதற்காக மற்றொரு மொழிக்கு அபராதம் விதிக்காதீர்கள். வீட்டில் குழந்தை தடுமாறி ஒரு சொல்லை உச்சரிக்கும்போது, சுற்றியிருப்போர் நகைத்தால் அந்நகைப்பை நீங்கள் நிறுத்துங்கள். இயன்றால், உங்களுக்குத் தெரியாத மொழியொன்றில் பத்துச் சொற்களைக் கற்க முயலுங்கள். சிறியவராவது எப்படி என்பது அப்போது விளங்கும். விண்ணரசுக்குள் நுழைவதற்கு ஆண்டவர் குறித்த வழியும் அதுவே அல்லவா?

'எவ்வளவு சேர்த்தீர்கள்?' என்று இன்றும் எவரேனும் கேட்டால், பெட்டியில் இருக்கும் இரண்டு பொருள்களை எடுத்துக் காட்டுகிறோம். ஒன்று, மீன்முள்ளும் புட்டியும் வரைந்த நாட்காட்டித் தாள். மற்றொன்று, எவரும் வாங்கிக்கொள்ளாத பதினேழு ரூபாய்.